வகுப்புக்கு வெளியே கற்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

விரியன்குறிப்பு

எல்லோருக்கும் வணக்கம். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு முதல் பகுதித் தேர்வு போன வாரம்தான் முடிந்தது. ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தேன்.

முதல் வருட லீவில் ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் இறந்துபோனார். களத்தில் நெல்லுக்குக் காவலாகத் தரையில் படுத்திருந்தவர், விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்து வந்தார். உடம்பில் கடித்த தடம் எதுவும் இல்லை. சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கண்ணிமை இரண்டும் தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போன பிறகுதான் வண்டி பிடித்தார்கள். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. கட்டுவிரியன். கண்ணிமையைத் தூக்கும் தசையின் பெயரை அனாடமியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தவன் நான். அது என் கண் முன்னால் தொங்கியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பாம்புக்கடி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் விஷம் எடுப்பதைப் பார்த்தேன். இரண்டாம் வருடத்திலிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் பிஜி அண்ணன்களிடம் கேட்டுக்கொண்டு காஷுவாலிட்டியில் நிற்கிறேன். ஒரு லாங் சைஸ் நோட்டில் கேஸ் கேஸாகக் குறிப்பு: எங்கே கடித்தது, எத்தனை மணிக்கு, கயிறு கட்டினார்களா, முதலில் எங்கே போனார்கள், இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை என்ன சொன்னது, எத்தனை குப்பி ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) போனது. இதுவரை 74 கேஸ்.

போன மாதம் மென்டர் சார் ஒரு படிவம் கொடுத்தார். 'பாடத்திட்டத்துக்கு வெளியே' என்று ஒரு கட்டம். விளையாட்டு, கல்ச்சுரல்ஸ், என்.எஸ்.எஸ்., கான்ஃபரன்ஸ். எதை எழுதினாலும் பக்கத்தில் சான்றிதழ் எண் வேண்டும். என் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சார் கோபப்படவில்லை, நல்ல மனிதர்தான். "சர்டிபிகேட் இல்லையாப்பா, அப்ப கோடு போட்டுடு" என்றார். கோடு போட்டேன்.

அந்தக் கோடு இன்னும் உறுத்துகிறது. இப்படிக் கற்றுக்கொள்வதற்குக் கல்லூரியில் ஏதாவது இடம் உண்டா? இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது சரியா?

ஹவுஸ்சர்ஜன்_மதுரை

தம்பி, நேராகச் சொல்கிறேன், வருத்தப்படாதே. முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜியில் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. அதில் வரும் ரேங்க்தான் உனக்கு எம்.டி. மெடிசினா, வேறு எதுவா, எந்த ஊர் என்று முடிவு செய்யும். உன் நோட்டை எந்தக் கவுன்சிலிங்கிலும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பாம்புக்கடி பற்றி ஒரு கேள்வி வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அதற்கு நான்கு மார்க்தான்.

எனக்கும் ஒன்று இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண். முப்பது பேருக்குக் காலைப் படம் எடுத்து, செருப்பு எங்கே அழுத்துகிறது என்று காட்டி, தமிழில் ஒரு பக்கத் துண்டுத்தாள் எழுதினேன். ஃபைனல் இயரில் கியூபேங்க் (கேள்வி வங்கி), கிராண்ட் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) என்று ஓட ஆரம்பித்த பிறகு அதைத் தொடவே இல்லை. இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை ராத்திரி முழிப்பவன் ஞாயிற்றுக்கிழமை தூங்குவான். உன் கூடப் படிப்பவன் அந்த ஞாயிற்றுக்கிழமை 300 கேள்வி போட்டிருப்பான். முதலில் ரேங்க் எடு. அப்புறம் பாம்பு எங்கேயும் போய்விடாது.

ஓய்வு_ஃபார்மா

முப்பத்தொரு வருடம் மருந்தியல் நடத்தியவள். மதுரைத் தம்பி சொல்வது நடப்பு, அதை மறுக்க முடியாது. ஆனால் "அப்புறம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கணையத்தில் இருக்கும் தீவுத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் என்று பெயர் சொல்லி மார்க் வாங்குகிறோமே, பால் லாங்கர்ஹான்ஸ் அதைக் கண்டு எழுதியது 1869-இல், பெர்லினில் பட்டத்துக்கான ஆய்வேட்டில். வயது 21. ஹெப்பாரின் கதையும் அப்படித்தான். 1916-இல் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற இரண்டாம் வருட மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையாமல் வைக்கும் பொருளில் முட்டிக்கொண்டார். இருவருக்கும் பக்கத்தில் வேலை செய்ய ஒரு மேசை இருந்தது, எழுதியதைப் படிக்க ஓர் ஆசிரியர் இருந்தார். இதை எல்லா பேட்சுக்கும் முதல் வகுப்பில் சொல்வேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடம் இருக்கிறது, அதுவும் நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலேயே. 2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டத்தில் மூன்றாம் ஆண்டு முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் நடுவில் எலெக்டிவ், அதாவது மாணவர் தேர்ந்தெடுத்துப் படிக்கும் பகுதி, வைத்தார்கள். முதலில் நான்கு நான்கு வாரமாக இரண்டு பிளாக். பின்னால் வந்த பேட்ச்களுக்கு நாட்கள் குறைந்தன. ஒரு பிளாக் ஆய்வகத்திலோ ஆராய்ச்சியாளரிடமோ, இன்னொன்று ஏதாவது ஒரு கிளினிக்கல் துறையில். 75 சதவீத வருகையும் லாக் புக்கும் இல்லாமல் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஆக, உங்கள் ஆர்வம் விதிப்படியே கட்டாயப் பாடத்துக்குள் வந்து நிற்க முடியும். பல இடங்களில் அந்த நாட்களை லீவாக நினைத்துக் கையெழுத்து போட்டு முடித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நீங்கள் முடித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டம், எஸ்.டி.எஸ். 1979-இலிருந்து நடக்கிறது. உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு மாத வேலை. அறிக்கையை அவர்கள் ஏற்றுக்கொண்டால் சான்றிதழும் உதவித்தொகையும் வரும். நான் வழிகாட்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் அறிக்கையை முடிக்காமல் விட்டார்கள். முடித்தவர்கள் எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்றுக்கொண்டார்கள்.

செய்த வேலைக்கு மதிப்பெண்ணே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. முதுநிலைச் சேர்க்கை விதியில், எட்டாத ஊர்களில் அரசுப் பணி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் தேர்வில் எடுத்ததில் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மிகாமல், ஊக்க மதிப்பெண் தரலாம் என்று இருந்தது. மனம் வைத்தால் மாணவர்களுக்கும் ஒரு வழி யோசிக்கலாம்.

ஒரு_தாய்

நான் டாக்டர் இல்லை, படிக்க மட்டும் இங்கே வருவேன். மேடம் சொன்ன கடைசி வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

என் மகள் அரசுப் பள்ளியில் படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தவள். இப்போது இரண்டாம் வருடம். ஆங்கிலப் புத்தகம் பிடிபடவே ஒரு வருடம் ஆனது. காலை எட்டுக்குக் கிளம்பினால் ராத்திரி பத்து வரைக்கும் படிப்பு. லீவு விட்டால் ஊருக்கு வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறாள், அவளுடைய அப்பாவுக்கு முதுகு முடியாது. நீங்கள் சொல்லும் மாதிரி வெளியே கற்றதற்கு மார்க் என்று வைத்தால், என் மகளுக்கு அது இன்னொரு ஓட்டப்பந்தயம். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை டெல்லிக்குப் போய் ஏதாவது செய்துவிட்டு வரும். இவள் கடையில் உட்கார்ந்து கணக்கு பார்த்ததற்கு யார் மார்க் போடுவார்கள்?

பாம்பைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு: உங்கள் ஊர் அண்ணனைப் பற்றிப் படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. நீங்கள் செய்வதை நிறுத்தாதீர்கள் அப்பா. ஆனால் அதை மார்க் ஆக்கிவிடாதீர்கள்.

லீட்ஸ்வாசி

ஒரு_தாய் அம்மா பயப்படுவது இங்கே நடந்தே முடிந்த கதை. இங்கிலாந்தில் ரெஜிஸ்ட்ராராக (சிறப்புத் துறைப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்) இருக்கிறேன், எங்கள் வார்டுக்கு வரும் மாணவர்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

இங்கே பட்டம் முடித்ததும் இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி. எந்த ஊர் கிடைக்கும் என்பதற்கு முன்பு 100 புள்ளிக் கணக்கு இருந்தது. 50 புள்ளி, வார்டில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் ஒரு தேர்வுக்கு. மீதி 50-இல், வகுப்பில் எத்தனையாவது என்பதற்கு 34 முதல் 43 வரை, கூடுதல் பட்டத்துக்கு 5 வரை, பப்மெட் (மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பு) எண் உள்ள கட்டுரைக்கு ஒன்று வீதம் 2 வரை. கட்டுரைக்குப் புள்ளி என்றதும் என்ன ஆகும்? ஒரே கேஸ் ரிப்போர்ட்டில் பெயர் போடச் சொல்லி நான்கு மாணவர்கள் வந்து நிற்பார்கள். நோயாளியை அவர்களில் ஒருவர்தான் பார்த்திருப்பார். கூடுதல் பட்டம் என்றால் இன்னொரு வருடப் படிப்பு, இன்னொரு வருட வாடகை. வீட்டில் வசதி உள்ளவருக்கு அது எளிது.

2023 சேர்க்கையிலிருந்து கூடுதல் பட்டம், கட்டுரை இரண்டுக்குமான புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். 2024-இல் தரவரிசையையே கைவிட்டு, கணினி கொடுக்கும் எண்ணையும் மாணவரின் விருப்பப் பட்டியலையும் வைத்து இடம் ஒதுக்குகிறார்கள். அதில் வேறு குறைகள் உண்டு. நன்றாகப் படித்தவர்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள். அதைப் பேசினால் இந்த இழை போதாது.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். 1993-இலேயே இங்கே மருத்துவக் கவுன்சில், எல்லாரும் படிக்க வேண்டிய மையப் பாடம் இவ்வளவு, மாணவர் தானே தேர்ந்து படிக்கும் பகுதி இவ்வளவு என்று பாடத்திட்டத்தைப் பிரிக்கச் சொல்லிவிட்டது. மாணவர்கள் அந்த நாட்களில் மருத்துவ வரலாறு, சிறைக்கைதிகளின் உடல்நலம், ஓவியம் என்று எதையும் எடுக்கிறார்கள். அதுதான் எனக்குச் சரியான அங்கீகாரமாகத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமையைத் தின்னாமல் நேர அட்டவணைக்குள்ளேயே நேரம். கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அந்த நேரம் கிடைக்கும்.

கைமொழி

அங்கீகாரம் எப்படி இருக்கும் என்று எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரிடம் இந்தியச் சைகை மொழி கற்றேன், கல்லூரி முதல் மூன்று வருடம், விட்டு விட்டு. கல்லூரியில் யாருக்கும் தெரியாது. சிஆர்ஆர்ஐ (ஹவுஸ்சர்ஜன் பயிற்சி) பண்ணும்போது ஓ.ஜி. (மகப்பேறு) போஸ்டிங்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தார், ஏழாவது மாதம். காது கேட்காது, பேச்சு வராது. கூட வந்த மாமியார் "ஒண்ணும் இல்லை, சும்மா வயித்து வலிங்கிறா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்று கையால் கேட்டேன். அந்தப் பெண் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். அப்புறம் மளமளவென்று சொன்னார்: வலி வயிற்றில் இல்லை, மேலே வலது பக்கம் விலாவுக்குக் கீழே, இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. பிபி பார்த்தால் 170/110, கர்ப்பிணிக்கு அபாயமான அளவு.

அன்று டியூட்டியில் இருந்த அசிஸ்டென்ட் மேடம் கேஸ் ஷீட்டில் ஹிஸ்டரிக்குக் கீழே ஒரு வரி எழுதினார்: "நோயாளியிடம் சைகை மொழியில் நேரடியாகக் கேட்டுப் பெறப்பட்டது", பக்கத்தில் என் பெயர். அந்த மேடம் என்னைப் பாராட்டி எதுவும் சொல்லவில்லை, அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அந்த வரி மட்டும் மறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எந்த வார்டில் காது கேளாதவர் வந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். என் போஸ்டிங்கிலிருந்து யாரும் விடுவிக்கவில்லை; சாப்பிடும் நேரத்தில் ஓடினேன். திறமையைக் கண்டுகொள்வது என்றால் அதற்கான நேரத்தையும் கொடுப்பது என்று நிர்வாகம் புரிந்துகொள்ள வேண்டும். லீட்ஸ்வாசி சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

ஹவுஸ்சர்ஜன்_மதுரை

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுதவில்லை.

ஆனாலும் என் கவலை மாறவில்லை. சான்றிதழுக்கு இப்போதே ஒரு சந்தை இருக்கிறது. ஆன்லைன் கான்ஃபரன்ஸ் என்று பணம் கட்டினால், வீடியோவை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் மாலையில் மெயிலில் வந்துவிடும். எங்கள் பேட்சில் ஒருவரிடம் அப்படி நாற்பதுக்கு மேல் இருக்கிறது. படிவத்தில் அவர் கட்டம் நிரம்பி வழியும், தம்பியின் கட்டத்தில் கோடு. இதை அளக்க ஆரம்பித்தால் முதலில் ஜெயிப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சமூகமருத்துவம்_உதவி

நான் அந்தப் படிவம் கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன், அதனால் என் தரப்பையும் வைக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு பேட்சுக்கு 150 பேர். குடும்பத் தத்தெடுப்புத் திட்ட லாக் புக், அட்காம் (மருத்துவ நெறி, நோயாளியிடம் பேசும் முறை) பதிவுகள், இன்டர்னல் மார்க், எல்லாம் ஒரே மேசைக்கு வருகிறது. சான்றிதழ் எண் கேட்பது சோம்பலால் அல்ல. எண் இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் காட்டலாம், இரண்டு நொடியில் சரிபார்க்கலாம். ஒரு நோட்டைப் படிக்க இருபது நிமிடம் ஆகும்.

அப்படியும் போன வருடம் என் குழுவில் இருந்த எட்டுப் பேருக்கு மட்டும் அந்தக் கட்டத்தை மாற்றிக் கொடுத்தேன். கேள்வி இரண்டுதான். பாடத்தில் இல்லாத எதை, யாரிடம் கற்றாய்? அதற்கு முன்னால் நீ தப்பாக நினைத்திருந்தது எது? எட்டில் மூன்று பேர் காலியாகவே கொடுத்தார்கள், அதையும் குறையாக எழுதவில்லை. ஒரு மாணவி, ஊரில் அப்பாவின் மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது யார் யார் எந்த மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். வலி மாத்திரையைத் தினமும் இரண்டு வாங்கும் நெசவுக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு முழுப் பக்கம். ஒரு_தாய் அம்மா, கடையில் கணக்கு பார்ப்பதற்கு யார் மார்க் போடுவார்கள் என்று கேட்டீர்கள். நான் மார்க் போடவில்லை. ஆனால் உட்கார்ந்து படித்தேன், அவளைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன்.

விரியன்குறிப்பு தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. 74 நோயாளிகளின் விவரம் உங்கள் நோட்டில் இருக்கிறது. பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) ஏதாவது இருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வைத்துக்கொள்ளும் குறிப்பு வேறு, ஆராய்ச்சிக்கான தரவு வேறு. அதைக் கட்டுரையாக்க நினைத்தால், நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் ஓர் எழுத்துகூட வெளியே போக வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் "கோடு போட்டுடு" என்று அனுப்பியதுதான் எங்கள் பக்கத்துத் தவறு. ஓர் ஆசிரியர் அந்த நோட்டைப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லியிருப்பார்.

விரியன்குறிப்பு

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. பெயர் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை, ஆனால் முதல் பதினோரு கேஸில் ஐ.பி. நம்பர் இருந்தது. சமூகமருத்துவம் சார் இங்கே சொன்ன அன்றே அடித்துவிட்டேன்.

ஃபார்மா மேடம் சொன்னபடி மெடிசின் எச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) எலெக்டிவ் கேட்கப் போனேன். நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார், அப்புறம் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த ஆறு கேஸ்ல சோதனையில ரத்தம் உறையலைன்னு எழுதியிருக்க. ஆனா ஈறுல ரத்தம் இல்ல, கடிவாயில வீக்கம் இல்ல, லேப்ல ரத்தம் உறையற நேரம், பி.டி., நார்மல். என்ன காரணம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "எந்த ட்யூப்ல எடுத்தாங்க?" என்றார். அதை நான் எழுதியதே இல்லை.

காஷுவாலிட்டிக்குப் போய்ப் பார்த்தேன். இருபது நிமிடச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். இரண்டு மில்லி ரத்தத்தை விட்டு, ஆட்டாமல் வைத்து, இருபது நிமிடம் கழித்து ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. கண்ணாடியின் பரப்புதான் உறைவைத் தொடங்கி வைக்கிறது. அங்கே டிரேயில் இருந்ததில் பாதி பிளாஸ்டிக். கண்ணாடிக் குழாய்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வைத்திருந்தார்கள். இரண்டிலுமே நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம், விஷம் ஏறாதவருக்கும் ஏ.எஸ்.வி. போகலாம். புத்தகத்தில் இதைப் படித்தவன்தான் நான். இரண்டு வருடம் அந்த டிரேக்குப் பக்கத்திலேயே நின்றும் கவனிக்கவில்லை.

நைட் டியூட்டி சிஸ்டரிடம் சொன்னேன். லேபிலிருந்து புதுக் கண்ணாடிக் குழாய்கள் வாங்கி வந்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியில் பிளாஸ்டர் ஒட்டி, மார்க்கரில் "பாம்புக்கடி மட்டும் – கழுவக் கூடாது" என்று எழுதி வைத்தார்.

எலெக்டிவ் கிடைத்துவிட்டது. ஆய்வக பிளாக் பேத்தாலஜியில், கிளினிக்கல் பிளாக் மெடிசினில். எச்.ஓ.டி.யே வழிகாட்டி, நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியதால், காஷுவாலிட்டியில் எப்படியும் பதிவு வைத்தாக வேண்டும். அந்தப் பதிவேட்டுக்கு என் நோட்டின் கட்டங்களைப் பார்த்து ஒரு மாதிரி போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.

மென்டர் சாரிடமும் சொன்னேன். படிவத்தை ஏற்கெனவே மேலே அனுப்பிவிட்டாராம். அடுத்த தடவை ஒரு தாளைப் பின்னால் இணைத்துக் கொடு என்றார்.

ஒரு_தாய்

அந்த மளிகைக் கடைப் பிள்ளையைப் பற்றி எழுதியதை என் மகளிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் கடைக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

ஹவுஸ்சர்ஜன்_மதுரை

தம்பி, பதிவேட்டில் குழாய்க்கும் ஒரு கட்டம் போடு. கண்ணாடியா பிளாஸ்டிக்கா, புதுசா கழுவினதா என்று. நேற்று எங்கள் காஷுவாலிட்டி டிரேயைப் பார்த்தேன், எட்டில் ஐந்து பிளாஸ்டிக். ரேங்க் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை, கிராண்ட் டெஸ்டை விடாதே. ஆனால் அந்த மாதிரித் தாள் தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்பு. எங்கள் ட்யூட்டி ரூமில் ஒட்டுகிறேன்.